நூற்றில் ஒரு பங்கு வெப்பம்

ஸ்டீம்போட் மேசையில் நாம் பலமுறை பார்த்த பொருள்தான் அது. தட்டையான பெட்டி வடிவில் ஒரு போர்ட்டபிள் கேஸ் அடுப்பு. அதன் ஓரத்து அறையில் படுக்கை வாக்கில் ஒரு கேஸ் டின். பெரிய தீயில் பத்து நிமிடம் எரியவிட்டு அணைத்தபின் டின்னைக் கழற்றித் தொட்டால், பெரும்பாலும் அது சுடாது. சில்லென்று இருக்கும்; மேலே முத்து முத்தாக வியர்த்தும் இருக்கும். தீயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கிடந்த பொருள் ஏன் குளிர்ந்தது? டின் கசிகிறதோ என்று சிலர் பயப்படுவதுண்டு. கசிவு அல்ல அது. கையடக்க அடுப்பு ஒன்றை உருவாக்குகிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயமே அந்தக் குளிர்ச்சிதான். தீ எவ்வளவு பெரிது என்பதைவிட, அந்தத் தீயின் வெப்பத்தில் எவ்வளவு எரிபொருளிடமே திரும்பிப் போகிறது என்பதுதான் அடுப்பின் நல்லது கெட்டதைத் தீர்மானிக்கிறது. பனிமலையில் ஏறுகிறவர்களுக்காகப் பிறந்த அடுப்புக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வெள்ளத்துக்குத் தேவையான அடுப்புக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது.

வெள்ளம் என்று சும்மா சொல்லவில்லை. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் விடாமல் பெய்த மழையில், தலைநகருக்கு ஒரு மாதத்தில் கிடைக்க வேண்டிய சராசரி மழைக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் தரைத்தளங்கள் முழுகின. மாடியிலும் கூரையிலும் ஏறியவர்கள் மின்சாரமும் சாப்பாடும் இல்லாமல் படகுக்காகக் காத்துக் கிடந்தார்கள். கிள்ளானும் கோல லங்காட் மாவட்டமும் தப்பவில்லை. இங்கே நான் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் தெலுக் பங்லிமா காராங் அந்த மாவட்டத்தில்தான், கிள்ளானிலிருந்து பந்திங் போகும் ஐந்தாம் எண் சாலையில், கடலை ஒட்டிய தாழ்நிலத்தில் இருக்கிறது. நம் தாமான் வீடுகளின் அமைப்பைப் பாருங்கள்: சமையலறை கீழே, பின்பக்கம், 14 கிலோ கேஸ் சிலிண்டரும் அங்கேயே. தண்ணீர் முதலில் பிடிக்கும் இடம் அதுதான். அந்தச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடியேற வயதானவர்களால் முடியாது. ஒரு கையில் எடுத்துக்கொண்டு ஏறக்கூடிய அடுப்பின் தேவை அங்கே தொடங்குகிறது. பிஸ்கட்டும் ரொட்டியும் போதாதா என்று கேட்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதும். ஆனால் வெள்ளம் கலந்த குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க முடியாது. கைக்குழந்தையின் பால் மாவை 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தீ கட்டாயம் வேண்டும்.

டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். சாதாரண காற்றழுத்தத்தில் அது சுமார் பூஜ்யம் டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். இறுக மூடிய டின்னுக்குள் அப்படி நடக்க முடியாது. கொஞ்சம் திரவம் ஆவியாகி, அந்த ஆவியே மீதித் திரவத்தை அழுத்திப் பிடித்து, மேலும் ஆவியாக விடாமல் நிறுத்துகிறது. இந்த அழுத்தத்துக்கு ஆவியழுத்தம் என்று பெயர். ஒரு வாயுவை அதன் சொந்த அழுத்தத்தாலேயே திரவமாக்கலாம் என்பதை 1823-இல் மைக்கேல் ஃபாரடே காட்டினார். இரு முனையும் மூடிய வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சூடாக்கினார். அதிலிருந்து வெளியேறிய குளோரின், குளிர வைத்த மறுமுனையில் திரவமாகத் தேங்கியது. ஆவியழுத்தத்தில் நாம் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: டின்னில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அதற்கு முக்கியமில்லை, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே முக்கியம். பூஜ்யம் டிகிரியில் பியூட்டேனின் ஆவியழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமம். ஆகவே வாயு வெளியே வரவே வராது. 30 டிகிரியில் ஏறக்குறைய 2.8 மடங்கு, 50 டிகிரியில் 5 மடங்கு, 80 டிகிரியில் 10 மடங்கு. சூடு ஏற ஏற அழுத்தம் இன்னும் வேகமாக ஏறுகிறது. பிறகு வரப்போகும் ஆபத்து முழுவதும் இந்த ஏற்றத்துக்குள் அடக்கம்.

டின்னின் கழுத்து விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதை மேல்பக்கமாக வைத்துத்தான் பொருத்த வேண்டும் என்று அடுப்பில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். பலர் அதைப் பூட்டுக்கான குறி என்றுதான் நினைக்கிறார்கள். உள்ளே வால்விலிருந்து வளைந்த குழாய் ஒன்று நீள்கிறது. வெட்டு மேலே இருந்தால் குழாயின் வாயும் மேலே, ஆவி நிற்கும் இடத்தில் இருக்கும். டின்னைத் திருப்பி வைத்தால் அந்த வாய் திரவத்துக்குள் முழுகிவிடும். அப்போது பர்னருக்கு வாயுவுக்குப் பதில் திரவம் பாயும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 240 லிட்டர் வாயுவாக விரியக்கூடியது, ஆகவே தீ குபீரென்று ஆளுயரம் எழும். ஒரு வெட்டுக்குறியின் பின்னால் இவ்வளவு இருக்கிறது. இருட்டில், பதற்றத்தில், நனைந்த கையோடு டின்னை மாட்டப்போகிற ஒருவருக்கு இந்தக் குறி கண்ணில் படாது. தவறாக வைத்தால் உள்ளே நுழையவே நுழையாத அறையாக அது அமைந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது குளிர்ச்சிக்கு வருவோம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நமக்குத் தெரியும். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. டின்னுக்குள் நடப்பதும் அதேதான். வால்வைத் திறந்ததும் ஆவி வெளியேறுகிறது, அழுத்தம் சற்றுக் குறைகிறது, இன்னும் கொஞ்சம் பியூட்டேன் கொதித்து அந்த இடத்தை நிரப்புகிறது. கொதிக்கத் தேவையான வெப்பம், அதாவது உள்ளுறை வெப்பம், மீதித் திரவத்திலிருந்தும் டின்னின் உலோகத்திலிருந்தும் போகிறது. முழுத் தீயில் இந்த அடுப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 கிராம் எரிக்கும். 220 கிராம் டின் ஒன்றேகால் மணி நேரம் வரும். அந்த 3 கிராம் எரிந்து தரும் வெப்பத்தையும், அது ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பத்தையும் ஒப்பிட்டால் ஓர் அழகான விகிதம் கிடைக்கிறது. எரியும் வெப்பம் நூறு பங்கு என்றால், ஆவியாக்கத் தேவையானது ஒரு பங்குகூட முழுசாக இல்லை. ஆனாலும் அந்த ஒரு பங்கு வெளியிலிருந்து வராவிட்டால், டின் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 2 டிகிரி வரை குளிர்ந்துகொண்டே போகும், அழுத்தம் இறங்கும், தீ சோர்ந்துவிடும். வியர்வைக்கும் விடை இதிலேயே உண்டு. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் 24 டிகிரி அளவிலேயே துளியாகப் படியத் தொடங்கிவிடும். டின் அதற்குக் கீழே குளிர்ந்ததும், காற்றின் நீராவி அதன்மேல் படிந்து தன் உள்ளுறை வெப்பத்தை டின்னிடம் ஒப்படைக்கிறது. பார்ப்பதற்குக் குளிர்ச்சியின் அடையாளமாகத் தெரியும் அந்த வியர்வை, உண்மையில் டின்னைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது.

தீயிடமிருந்து எரிபொருளுக்குத் திரும்பும் இந்த வெப்பத்தைத் திரும்பு வெப்பம் என்று அழைக்கலாம். கையடக்க அடுப்பின் வரலாறே அதைக் கையாண்ட வரலாறுதான். 1892-இல் ஸ்வீடனில் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ், நம் பாட்டிமார் காற்றடித்துப் பற்றவைத்த பம்ப் ஸ்டவ்வின் மூதாதை. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி முதலில் சூடாக்குவார்களே, அது எதற்காக? பர்னரின் குழாய் சூடேறினால்தான் மண்ணெண்ணெய் ஆவியாகும்; பற்றிய பிறகு தீயே அந்தக் குழாயைச் சூடாக வைத்துக்கொள்ளும். 1955-இல் வந்த ஸ்வேயா 123 இன்னும் ஒரு படி போனது. அதில் பம்ப்பே இல்லை. பித்தளைத் தொட்டி நேராகப் பர்னருக்குக் கீழே. மேலிருந்து இறங்கும் வெப்பமே பெட்ரோலுக்கு அழுத்தம் தந்தது. உறைபனியில் இது மலையேறிகளுக்கு வரம். ஆனால் வெப்பம் அளவு மீறினால் என்ன செய்வது? அதற்காகவே தொட்டியின் மூடியில் ஒரு பாதுகாப்பு வால்வை வைத்தார்கள். 1973-இல் சியாட்டிலில் லாரி பென்பர்த்தி தன் எம்எஸ்ஆர் அடுப்பில் எரிபொருள் புட்டியைப் பர்னரிடமிருந்து அடியோடு பிரித்துத் தள்ளி வைத்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய குழாய் மட்டும். இந்தக் கட்டுரையின் வாதம் ஒரு விதத்தில் அவருடையதுதான்: தீயும் எரிபொருளும் தள்ளி இருந்தால், எவ்வளவு வெப்பம் திரும்ப வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம்; ஒட்டி இருந்தால் அதைப் பாத்திரமும் காற்றும் முடிவு செய்யும்.

நமக்குப் பழக்கமான பெட்டி அடுப்பு இவை இரண்டுக்கும் இடைப்பட்டது. ஜப்பானின் இவாத்தானி நிறுவனம் 1969-இல் அதை அறிமுகப்படுத்தியது. இதன் பல வகைகளில் பர்னரிடமிருந்து டின்னை நோக்கி ஓர் உலோகத் தகடு நீளும்; குளிர்காலத்தில் டின் சோர்ந்துவிடாமல் அது கொஞ்சம் வெப்பத்தைக் கடத்தும். ஜப்பானியக் குளிரில் நியாயமான ஏற்பாடு. தெலுக் பங்லிமா காராங்கில் இரவிலும் வெப்பநிலை 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது; பகலில் 32, 33. மிதமான தீயில் நிமிடத்துக்கு ஒரு கிராம் எரித்தால், டின் இழக்கும் வெப்பத்தைச் சுற்றியிருக்கும் சூடான, ஈரமான காற்றே ஈடுசெய்துவிடும். அப்படியிருக்க, வெப்பத்தை உள்ளே கொண்டுபோகிற ஏற்பாட்டுக்கு இங்கே வேலை குறைவு. வெளியே நிறுத்துகிற ஏற்பாட்டுக்குத்தான் வேலை அதிகம். அடுப்பு சிறிதாகச் சிறிதாக நிலைமை மோசமாகும். பெட்டியைச் சுருக்குவதென்றால் தீயையும் டின்னையும் நெருக்க வேண்டும். அதன்மேல் டின் இருக்கும் பக்கம் வரை நீளும் பெரிய வாணலியோ தோசைக்கல்லோ வைத்தால், தீயின் சூடு கல்லில் பட்டு டின்மேல் இறங்கும். இரண்டு அடுப்புகளைச் சேர்த்து வைத்து ஒரு பெரிய சட்டியை ஏற்றினாலும் அப்படித்தான். நூற்றில் ஒரு பங்கு தேவைப்பட்ட இடத்தில் ஐந்து பங்கு திரும்பினால், குளிர வேண்டிய டின் சூடேறும். 30 டிகிரியில் தொடங்கும் டின்னுக்கு, அழுத்தம் 5 மடங்காகும் 50 டிகிரி அதிக தூரமில்லை. ஜப்பான் குளிர்காலத்தில் 10 டிகிரியில் தொடங்கும் டின்னுக்கு இருக்கிற இடைவெளி நமக்கு இல்லை.

பாதுகாப்பு வால்வுதான் இருக்கிறதே என்பது நியாயமான மறுப்பு. நல்ல அடுப்புகளில் அழுத்தம் எல்லை மீறினால் ஒரு சுருள்வில் நகர்ந்து, டின்னைப் பிடிப்பிலிருந்து கழற்றி வாயுவை நிறுத்திவிடும். அருமையான பொறிநுட்பம்; அது இல்லாத அடுப்பை வாங்கவே கூடாது. ஆனால் அது வாயு போவதைத்தான் நிறுத்துகிறது, சூடேறிய டின்னைக் குளிர வைப்பதில்லை. அணைந்த பிறகும் இரும்புக்கல்லில் தேங்கிய வெப்பம் டின்மேல் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். கடைசிக் காவலுக்கு வைத்ததை முதல் காவலாக நம்பி அடுப்பைச் சுருக்குவது சரியான வடிவமைப்பு ஆகாது. காற்றுத் தடுப்பு பற்றியும் இதே வாதம் எழும். திறந்த வெளியில் காற்று தீயைச் சிதறடித்து, எரிபொருளில் பெரும்பகுதியை வீணாக்கும். ஆகவே முகாமிடுகிறவர்கள் அலுமினியத் தகட்டை அடுப்பைச் சுற்றி வளைத்து வைப்பார்கள். பர்னர் தனியாக, டின் தனியாக இருக்கும் குழாய் அடுப்பில் இது மிக நல்ல பழக்கம். டின்னின் தலையிலேயே பர்னரைத் திருகும் சின்ன அடுப்பில் அதே தகடு டின்னைச் சூளைக்குள் அடைத்துவிடுகிறது.

சுருக்குவதால் கெடும் இடைவெளி இன்னொன்றும் உண்டு: தீக்கும் பாத்திரத்துக்கும் நடுவே உள்ளது. மடக்கி வைக்க வசதியாகக் கால்களைக் குட்டையாக்கினால், நீல நாக்கின் உள்முனை பாத்திரத்தின் அடியில் போய் முட்டும். ஏறக்குறைய 1900 டிகிரியில் எரியும் தீ, தண்ணீர் நிறைந்ததால் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும் உலோகத்தில் பட்டதும் பாதியில் குளிர்ந்துபோகிறது. கார்பன் முழுவதும் எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆவதற்குள் கார்பன் மோனாக்சைடாகவே நின்றுவிடுகிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். 1890-களில் ஜே. எஸ். ஹால்டேன் அதைத் தாமே சுவாசித்து, தம் இரத்தத்தைச் சோதித்து, எந்த அளவில் என்ன நேர்கிறது என்று பதிவு செய்தார். அந்தத் துணிவின் பலன் நமக்கு எச்சரிக்கையாகக் கிடைத்திருக்கிறது. வெள்ளத்தின்போது மழைக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் சாத்திக்கொண்டு மாடி அறையில் சமைப்பார்கள். முழுத் தீயில் எரியும் அடுப்பு, சிறிய படுக்கையறை ஒன்றின் ஆக்சிஜனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை ஒரு மணி நேரத்தில் தின்றுவிடும். ஆக்சிஜன் குறையக் குறைய மோனாக்சைடு கூடும். சாரல் உள்ளே அடித்தாலும் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும்.

இவ்வளவு சிக்கல் எதற்கு, விறகு இல்லையா, பேட்டரி இல்லையா? தெலுக் பங்லிமா காராங்குக்கு அருகிலுள்ள கேரித் தீவுச் சாலையின் இருபுறமும் செம்பனைதான். தென்னை மட்டைக்கும் பஞ்சமில்லை. ஈர விறகில் நீரை விரட்டவே வெப்பமெல்லாம் போய்விடும் என்பது பொதுவான நம்பிக்கை. கணக்குப் போட்டால் அப்படியில்லை: பாதி எடை நீராக இருக்கும் விறகில்கூட, நீரை ஆவியாக்க அதன் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்குதான் செலவாகும். சிக்கல் வேறு. நீர் தீரும்வரை மரம் 100 டிகிரியைத் தாண்டாது. மரம் எரிவாயுவை வெளிவிடத் தொடங்குவதோ 250 டிகிரிக்கு மேல். ஆகவே பற்றாது, பற்றினால் புகையும், மாடியில் அந்தப் புகையோடு இருக்க முடியாது. பேட்டரிக்கும் கணக்கு இருக்கிறது. 220 கிராம் டின்னில் உள்ள ஆற்றலை லித்தியம் பேட்டரியில் சேமிக்க 14 கிலோவாவது வேண்டும். சிலிண்டரின் கேஸ் எடைக்கே திரும்பிவிட்டோம். மின்அடுப்பு வெப்பத்தை அதிகம் வீணாக்காது என்பதால் உண்மையில் பாதி எடை போதும் என்று வாதிடலாம். சரிதான், ஆனால் அந்த ஏழு கிலோவின் விலை பல ஆண்டுகளுக்கான டின்களின் விலை.

பியூட்டேனையே வைத்துக்கொண்டால் எத்தனை டின் வேண்டும்? ஒரு லிட்டர் நீரை நம் அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக, பாதி வெப்பம் வீணாகும் என்று வைத்தாலும், 13 கிராம்தான் செலவாகும். நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் குடிநீர், ஒரு வேளைச் சோறு, குழந்தைக்குப் பால் என்று கணக்கிட்டால் 150 கிராமுக்குள் அடங்கும். மூன்று நாளுக்கு இரண்டு டின். சோற்றில் இன்னும் மிச்சப்படுத்தலாம். அரிசியின் மாவுச்சத்து வேக 70, 80 டிகிரி போதும்; 100 வேண்டும் என்பதில்லை. ஊறிய அரிசியை மூடிபோட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கித் துண்டில் இறுகச் சுற்றி வைத்தால், பாத்திரத்தின் சூட்டிலேயே வெந்துவிடும். குடிநீரிலும் கிருமிகள் 100 டிகிரிக்கு முன்பே சாகின்றன. தெர்மாமீட்டர் இல்லாத இடத்தில் கண்ணால் பார்த்து உறுதிசெய்யக் கொதி ஒன்றே அடையாளம். அதனால்தான் கொதிக்க வைக்கச் சொல்கிறார்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், அதற்கு மேல் கொதிக்க விடுவது எரிபொருளைக் காற்றில் விடுவதே.

ஆக, பெரிய தீ இந்த வேலைக்குத் தேவையே இல்லை. விளம்பரங்கள் கிலோவாட்டைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. அதில் பாதி இருந்தாலே ஒரு குடும்பத்துக்குப் போதும். தீயைச் சிறிதாக்கினால் டின் குளிர்வதும் குறையும், திரும்பு வெப்பத்துக்கான தேவையும் குறையும், டின்னைத் தள்ளி வைக்கும் சுதந்திரமும் கிடைக்கும். நம் ஊருக்கு நான் விரும்பும் அடுப்பு இதுதான்: மடக்கும் கால்களில் நிற்கும் தாழ்ந்த பர்னர், கால்கள் மடங்கினாலும் விரிந்தாலும் பாத்திரத்துக்கும் தீக்கும் உள்ள இடைவெளி மாறாதபடி. டின் ஒரு முழக் குழாய்க்கு அப்பால், ஒரே விதமாகத்தான் நுழையும் தொட்டிலில். காற்றுத் தடுப்பு பர்னரை மட்டும் சுற்றி. குழாய் என்றால் கசியும் இடம் ஒன்று கூடுகிறதே என்பார்கள். உண்மை; பியூட்டேன் காற்றைப்போல் இரு மடங்கு கனம், கசிந்தால் தரையோரம் தேங்கும், நூறு பங்கு காற்றில் இரண்டு பங்கு கலந்தாலே பற்றக்கூடியது. ஆனால் கசிவை மூக்கு கண்டுபிடிக்கும், இணைப்பில் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். டின் சூடேறுவதற்கு மணமும் இல்லை, குமிழியும் இல்லை. இரண்டு ஆபத்தில் கண்டுபிடிக்கக்கூடியதைத் தேர்ந்தெடுப்பதே புத்தி. குழாயே வேண்டாம், பெட்டி அடுப்புதான் மலிவு என்றால், ஒன்றாவது செய்ய வேண்டும். நம் வெப்பத்தில், 33 டிகிரிக் காற்றில், பாத்திரத் தாங்கியில் நிற்கக்கூடிய ஆகப் பெரிய கல்லை ஏற்றி, டின் தீரும்வரை எரியவிட்டு, அதன் உச்ச வெப்பநிலை எவ்வளவு என்று அளந்து, கிலோவாட்டுக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் பெட்டியின்மேல் அச்சிட வேண்டும்.